சேர்வராயன் மலையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். சின்ன வயதில் அம்மா அந்த மலையைப் பார்த்துத்தான் வடகம் காயப் போடுவார். மலை முக்காடு போட்டுவிட்டது, சீக்கிரம் எடுத்து உள்ளே வை என்பார். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய் இருபது வருடமாகிறது. இடையில் ஏற்காட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஏரியில் படகு, பகோடா பாயின்டில் போட்டோ, ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜி, பொழுது சாய்ந்ததும் இறக்கம். மலையின் காட்டுக்குள் ஒரு முறைகூடக் காலை வைத்ததில்லை.

இந்த முறை அண்ணன் மகனுக்காகக் கிளம்பினேன். ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் மழைக்காடு பற்றிப் பாடம் நடத்தியதிலிருந்து, "அத்தை, லீவுல என்னை மழைக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரே நச்சரிப்பு. வால்பாறை போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், தினம் மாடியிலிருந்து பார்க்கிற மலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எங்கேயோ போவானேன் என்று தோன்றிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு முழுக்க மழைக்காடு என்று நினைத்து யாரும் வரவேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில் வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். இங்கே ஏறக்குறைய 1500 தான். அதனால் இலை உதிராத ஈரக் காடு இந்த மலையில் எல்லா இடத்திலும் இல்லை. ஓடை ஓடுகிற மடிப்புகளிலும், கோயிலைச் சுற்றியும், வெட்டாமல் விட்ட சரிவுகளிலும் துண்டு துண்டாக நிற்கிறது. அந்தத் துண்டுகளைத் தேடித்தான் வந்திருக்கிறோம்.

சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் காடு எப்படி மாறுகிறது என்று பையனைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். கீழே முள்ளும் பாறையும். கொஞ்சம் ஏறியதும் மூங்கில். பாதி மலைக்கு மேலே திடீரென்று காற்று மாறியது. அதை நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டான். மூக்கில் ஈர மண் வாசனை அடித்தது என்று எழுது என்றேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில்கூட இல்லை. ஏற்காடு 1500 மீட்டர். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வேறு ஒரு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

தங்கும் இடம் சாதாரண விடுதிதான். ஆனால் காட்டின் முதல் உயிர் அதன் சுவரிலேயே கிடைத்தது. இரவு எட்டு மணி இருக்கும். வராந்தா சுவரின் வெடிப்புக்கு டார்ச் அடித்த பையன், "அத்தை, பல்லிக் குட்டி" என்றான். குட்டி இல்லை, முழு வளர்ந்த பல்லியே அவ்வளவுதான். சுண்டு விரலைவிட மெலிதாக, சாம்பலும் பழுப்புமாக இருந்தது. வாலைத் தூக்கியபோது அடிப்பக்கம் ஆரஞ்சு நிறம். ஹெமிஃபில்லோடாக்டிலஸ் ஆரண்டியாகஸ் என்று அறிவியலில் பெயர். பெட்டோம் என்ற வன அதிகாரி 1870-ல் இதே சேர்வராயன் மலையில் பார்த்து உலகத்துக்குச் சொன்னது. வீட்டுப் பல்லி என்று துடைப்பத்தால் தட்டிவிடுவோம். அரை மணி நேரம் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். வெடிப்பிலிருந்து வந்து ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று பார்த்தது நிறைய. கால் வலிக்கிறது, இருந்தாலும் எழுதாமல் தூங்க மனம் வரவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு விழித்தது ஒரு சீட்டிச் சத்தத்தில். பாட்டின் வரிகள் மறந்துபோய் மெட்டு மட்டும் நினைவிருக்கும் ஆள் நடந்துகொண்டே சீட்டியடிப்பது போல ஏறி இறங்கி, பாதியில் நின்று, மறுபடி ஆரம்பித்தது. சீகாரப் பூங்குருவி. தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் இருக்கும் பறவை. கருநீல உடம்பு, தோளிலும் நெற்றியிலும் மட்டும் பளிச்சென்று நீலம். தென்மேற்குப் பருவமழை முடியப் போவதால் பாட்டைக் குறைத்துக்கொண்டது. ஐந்தாறு முறை பாடிவிட்டு நிறுத்திவிட்டது.

வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்தான் அந்தப் பெயர், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாற்பது வருடம் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டக்காரரிடம் அவரே பேசி அனுமதி வாங்கியிருந்தார். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. தோட்டம், ஊர்ப் பாதை, கோயில் காடு, இவ்வளவே எங்கள் எல்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம்.

காபி இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்தார். காபிச் செடிக்கு நிழல் வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் காட்டை மொட்டையடிக்காமல், அடியில் இருந்த புதரை மட்டும் எடுத்துவிட்டுப் பெரிய மரங்களை அப்படியே நிறுத்தினார்கள். நாவல், அத்தி, பலா, மதகிரி வேம்பு. மேலே பார்த்தால் காடு, கீழே பார்த்தால் தோட்டம். இப்படிப்பட்ட பழைய தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தபோது கண் பழக இரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நிழல். மரத்தின் பட்டையெல்லாம் பாசி, பாசிமேல் சின்னச் சின்ன ஆர்க்கிட். "குட்ரூ, குட்ரூ" என்று நாலு பக்கமும் குக்குறுவான்கள். சமவெளியில் நாம் கேட்கிற குக்குறுவான் வேறு. இது கன்னத்தில் வெள்ளைக் கோடு போட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய இருக்கும், அதை விட்டால் சேர்வராயன், சித்தேரி போன்ற சில மலைகளில்தான்.

பெரியவர் ஓர் அத்தி மரத்தடியில் நிறுத்தினார். பழம் பழுத்துக் கீழே சிதறிக் கிடந்தது. "இந்த ஒரு மரத்துக்கு எத்தனை வாயி பாரு கண்ணு" என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் குக்குறுவான், செம்மீசைச் சின்னான், மைனா, ஒரு குரங்குக் குடும்பம் என்று வந்து போய்க்கொண்டே இருந்தன. ராத்திரி முறை வௌவாலுக்கும் மரநாய்க்கும் என்றார்.

பாதையின் அடுத்த பக்கம் வேறொரு தோட்டம். அங்கே நிழலுக்கு சில்வர் ஓக் மட்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சீக்கிரம் வளரும், நேராகப் போகும், மிளகுக் கொடி ஏற வசதி, மரமாக விற்றாலும் காசு. தோட்டக்காரரின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. காபி விலை ஒரு வருடம் இருக்கும், ஒரு வருடம் இருக்காது. ஆனால் அந்தத் தோட்டத்தில் கால் மணி நேரம் நின்றோம், தலைக்கு மேலே ஒரு சத்தம் இல்லை. தின்பதற்குப் பழம் கொடுக்காத மரத்துக்கு எந்தப் பறவை வரும்? சட்டம் போட்டுத் தடுக்கிற விஷயம் இல்லை இது. பத்து சில்வர் ஓக்குக்கு நடுவில் ஓர் அத்தியை வெட்டாமல் விட்டால்கூடப் போதும் என்று அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

தோட்டம் முடிகிற இடத்தில் நிலம் மடிந்து ஓடை இறங்கியது. அதுதான் நாங்கள் தேடிவந்த துண்டு. அகலம் நூறு அடிகூட இருக்காது. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கை கோத்திருந்தன. தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருந்தன. வெயில் ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தரையில் விழுந்தது. பையன் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே.

ஓடைக்கரையில் லாரி அளவுக்குப் பாறைகள். சேர்வராயன் மலையின் எலும்பே இந்தக் கருமையான சார்னோகைட் பாறைதான். ஒரு பாறையின் அடிப்பக்கம், மழை படாத குடைவில், கல்லே நகர்ந்தது போல இருந்தது. பையன் கையை நீட்டிக் காட்டினான். பகல் பல்லி. இதற்காகத்தான் நான் இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல் நீளம் உடம்பு. பாறையின் நிறமே அதன் நிறம், நடு முதுகில் வெளிறிய புள்ளிகள். தலையை இரண்டு முறை ஆட்டியது. கண்ணைப் பார்த்தேன். நம் வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் கோடு மாதிரி சுருங்கும், இரவில் திரிகிற உயிர் அது. இதற்கு வட்டமான கண்மணி, நம்முடையதைப் போலவே. பகலில் வேட்டையாடுகிற பல்லி. சற்றுத் தள்ளிப் பாறை விரிசலுக்குள் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளை முட்டை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று ஓட்டை விழுந்து காலியாக இருந்தது. இன்னொன்று முழுதாக இருந்தது.

இந்த வகைப் பல்லிகளில் ஒன்றை 2000-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஏற்காட்டின் பெயராலேயே யெர்காடென்சிஸ் என்று விவரித்தார்கள். 2019-ல் இதே மலைத்தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு புது இனங்கள். அதில் ஒன்றுக்கு ஷெவராயென்சிஸ் என்று மலையின் பெயர். அந்த இரண்டும் இந்த மலையை விட்டால் வேறெங்கும் அறியப்படாதவை.

ஏன் ஒரே மலையில் இத்தனை? பையன் கேட்டான். கீழே கை காட்டினேன். மரங்களின் இடைவெளியில் சேலம் வெயிலில் வெளிறிப்போய்த் தெரிந்தது. இந்தப் பல்லி ஈரப் பாறையில் பிறந்து அதே பாறையைச் சுற்றி வாழ்ந்து சாகிற உயிர். அந்த வெயிலில் இறங்கி, தார் ரோட்டையும் வயலையும் தாண்டிக் கொல்லிமலைக்கு அதனால் போக முடியாது. அதற்குச் சமவெளி கடல் மாதிரி, மலை தீவு மாதிரி. தீவில் மாட்டிக்கொண்டது லட்சக்கணக்கான வருடத்தில் தனி இனமாகிவிடுகிறது. நேற்று இரவு சுவரில் பார்த்த மெல்லிய பல்லிக்கும் இதே கதைதான். கொல்லிமலையில் இருக்கும் அதன் சொந்தக்காரப் பல்லி வேறு இனம் என்று 2019-ல் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னும் பார்க்கலாம் என்று பையன் ஓடையோரம் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினான். அடியில் இரண்டு தேரையும் ஒரு பூரானும். பெரியவர் கோபப்படவில்லை. "பார்த்தாச்சில்ல சாமி, கல்லை இருந்த மேனிக்கே வெச்சிடு. அது ஊட்டுக் கூரை" என்றார். பையன் கல்லின் ஈர விளிம்பு மண்ணில் பதிந்திருந்த அச்சைப் பார்த்து, அதற்குச் சரியாகப் பொருந்தும்படி மெல்ல இறக்கி வைத்தான்.

மதியம் பெரியவர் வீட்டில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும். வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பும் வழியில், நாலே முக்கால் இருக்கும், பெரியவர் கையை நீட்டி எங்களைத் தடுத்தார். "மாடு நிக்குது." எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. காபிச் செடிகளுக்கு மேலே ஒரு கரும்பாறை. அந்தப் பாறை மூச்சு விட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம், மூக்கிலிருந்து ஆவி.

தனி ஆண் காட்டுமாடு. எழுபது எண்பது அடி தூரத்தில். ஆறடி உயரம் இருக்கும் தோளில். நெற்றியில் சாம்பல் மேடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு, அடியில் பச்சையும் மஞ்சளுமாக, நுனி கறுப்பாக. நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இல்லை, மாட்டு வகை. சங்கப் பாட்டில் ஆமா என்று வருவது இதுதான். காட்டுப் பசு என்று பொருள். பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஓடவும் இல்லை, சீறவும் இல்லை. எங்களைப் பார்த்தபடி அசை போட்டது. காதுகள் மட்டும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் வந்த வழியே பின்னால் நகர்ந்தோம். முதுகைக் காட்டித் திரும்பி ஓடக் கூடாது என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். பையன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது இப்போதும் வலிக்கிறது.

வருத்தம் அதற்கப்புறம்தான். விடுதிக்குப் போகும் பாதையில், தங்கும் இடம் ஒன்றின் பின்பக்கம், மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் பையோடு கொட்டி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிலும் காட்டுமாட்டின் குளம்படிகள். ஒரு டன் எடைவரை வளரும் விலங்கு, புல்லுக்கும் தழைக்கும் பிறந்தது, பிளாஸ்டிக் பையை நக்க வருகிறது. அப்புறம் ஊருக்குள் மாடு வந்துவிட்டது, ஆளை முட்டுகிறது என்று புகார் சொல்கிறோம். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டார்கள். நாளை காலை அந்த வழியாகப் போய்ப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள், சனி

பை அங்கேயேதான் இருந்தது. மறுபடியும் உள்ளே போய்ச் சொன்னேன், இந்த முறை எடுக்கும்வரை நின்றேன். எடுத்தார்கள்.

இரவெல்லாம் மழை. காலையில் ரோட்டில் நடந்தபோது டயர் ஏறிய ஒரு பாம்பைப் பார்த்தோம். முக்கால் அடிதான் இருக்கும். பளபளவென்ற கரும்பழுப்பு உடம்பு, தலை ஊசி மாதிரி குறுகி, வால் கத்தியால் சாய்வாக வெட்டியது போல முடிந்திருந்தது. கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழுவைத் தின்கிற பாம்பு. விஷம் துளிகூடக் கிடையாது. மழை பெய்து மண் ஊறினால் மேலே வரும், மேலே வந்தால் இப்படி ரோட்டில் மாட்டிக்கொள்ளும். ஓர் இலையில் எடுத்து ஓரத்தில் வைத்தோம். வயிறு பிய்ந்து உள்ளே குட்டிகள் தெரிந்தன. இந்தப் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். மூன்று இருந்தன. பையன் வெகுநேரம் பேசவில்லை. நானும்தான்.

பத்து மணிக்கு மேல் மழை வலுத்ததால் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் ஒதுங்கினோம். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1960-களிலிருந்து நடத்துவது. எல்லோரும் குடுவைச் செடியைப் பார்க்கத்தான் போகிறார்கள். இலையின் நுனி நீண்டு மூடி போட்ட குடுவையாகி, விழுகிற பூச்சியைச் செரிக்கும் செடி. மேகாலயாவிலிருந்து வந்தது. பையனும் அதன் முன்னால் நின்றான். நான் கேட்டுத் தேடிப் போனது வெர்னோனியா ஷெவராயென்சிஸ் பற்றி. இந்த மலையின் பெயரையே சுமக்கிற சிறு மரம், செவ்வந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, அழியும் நிலையில் இருப்பது. செவ்வந்திக் குடும்பத்தில் மரமா என்று பையன் ஆச்சரியப்பட்டான். நம் ஊர்ப் பெயரில் மரம் இருப்பதே இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்று மணிக்கு மழை விட்டது. பெரியவர் போன் பண்ணினார். காபிச் செடிக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஏதோ கிடைத்திருக்கிறது, சீக்கிரம் வாங்க என்றார். ஓடினோம்.

மண்வெட்டி புரட்டிய கட்டியில், உயிரோடு ஒரு கேடயவால். பக்கத்திலிருந்த பையன்கள் இருதலைப் பாம்பு என்று அடிக்கப் பார்த்தார்களாம், இவர்தான் நிறுத்தி வைத்திருந்தார். காலையில் பார்த்தது உயிரில்லாதது என்பதால் இதன் அழகு தெரிந்திருக்கவில்லை. ஈர மண்ணிலிருந்து வெளியே வந்த உடம்பில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டபோது பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி நீலம், ஊதா, பச்சை என்று ஓடியது. பெரியவர் உள்ளங்கையில் எடுத்தார். அது கடிக்கவில்லை, ஓட நினைக்கவும் இல்லை. விரல் இடுக்கில் தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது, மண் என்று நினைத்துக்கொண்டு. வாலின் நுனியில் சொரசொரப்பான ஒரு தட்டு. அதில்தான் மண் ஒட்டிக்கொண்டு மூடி மாதிரி ஆகிவிடும். பின்னால் துரத்துகிற எதிரிக்கு வளை அடைத்துக் கிடக்கும்.

இந்த மலையின் கேடயவாலையும் பெட்டோம்தான் 1863-ல் விவரித்தார். ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை வைத்தார். ரொம்பக் காலம் அது தனி இனமே இல்லை என்று வேறொன்றோடு சேர்த்து வைத்திருந்தார்கள். சமீபத்தில்தான் தனி இனமென்று மறுபடி நிலைநாட்டினார்கள். கொல்லிமலைக்கு 2020-ல் தனியாக ஒரு கேடயவால் இனம் கிடைத்தது. மறுபடியும் அதே தீவுக் கதை.

செடியடியில் இலைச் சருகை விலக்கிப் பெரியவர் அதை விட்டார். பத்து விநாடி. தலை போனது, உடம்பு போனது, வால் தட்டு கொஞ்ச நேரம் மேலே தெரிந்து அதுவும் போய்விட்டது. "நாப்பது வருசத்துல எத்தனை அடிச்சிருப்பேனோ கண்ணு" என்றார் பெரியவர், மண்ணைப் பார்த்தபடியே. மண்புழு இருக்கிற மண்ணில்தான் இது இருக்கும், இது இருந்தால் உங்கள் மண் நல்ல மண் என்று நான் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த பையன்களைக் கூப்பிட்டு அதையே திருப்பிச் சொன்னார்.

ஆறு மணிக்கு ஓடைப் பக்கமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு கூப்பாடு. ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிற பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். கண்ணில் படவில்லை. வந்து சேர்ந்துவிட்டது என்பதே போதும்.

நான்காம் நாள், ஞாயிறு

பளிச்சென்று விடிந்தது. சேர்வராயன் கோயிலுக்கு ஏறினோம். 1600 மீட்டருக்கு மேல், இந்த மலையிலேயே உயரமான இடம். உச்சி கூம்பாக இல்லை, மேஜை மாதிரி தட்டையாக இருக்கிறது. குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரியம்மனும். குகை தலைக்காவிரி வரை போகிறது என்று ஊரில் சொல்வார்கள். சொட்டும் ஈரத்தில் நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. மலையாளி மக்களுக்கு மலையே சேர்வராயன். வைகாசி வாக்கில் திருவிழாவுக்குச் சுற்று ஊர்களெல்லாம் இங்கேதான் கூடும்.

தட்டை உச்சியின் மண் சிவப்பு. அதில் பாக்சைட் இருக்கிறது. அதற்காக இந்த மலையில் வெட்டிய குழிகள் இன்னும் இருக்கின்றன. மேல் மண்ணை வழித்த இடத்தில் புல் திரும்ப வரும், நேற்று பார்த்த பாம்பு எப்படி வரும்?

புல்வெளியின் ஓரத்தில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடிகள். ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக வண்ணத்துப்பூச்சி, கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்டவையும், சாக்லேட் நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தவையும். பூவே இல்லாத செடியில் என்ன செய்கின்றன என்று குனிந்து பார்த்தோம். காய்ந்த தண்டைக் காலால் கீறிக் கீறி உறிஞ்சுகின்றன. எல்லாம் ஆண்கள். அந்தச் செடியின் சாற்றில் இருக்கும் ஒரு வேதிப்பொருளை எடுத்துத்தான் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கும். கிட்டத்தில் காதை வைத்தால் சரசரவென்று மெல்லிய சத்தம். இறக்கைகள் உரசுகிற சத்தம்.

பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எல்லாம் ஒரே திசையில், மேற்கே. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் கிழக்கு மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற கூட்டம். கோடையில் திரும்பி வரும். பாறை விளிம்பில் நின்ற எங்களைத் தாண்டி, பள்ளத்தாக்கின் மேல் இறங்கி, கடல் என்று நான் சொன்ன அந்தச் சமவெளிக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. பையன் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினான். முதல் நிமிடத்தில் நாற்பத்தொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்தான்.

இறங்கும் வழியில் திரித்துவ ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஐந்து நிமிடம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக் கல் இங்கே இருக்கிறது. பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு காலமாக இருக்கிறான் என்று காட்டியவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அந்தக் கோடரி கிடைத்ததும் 1863-ல்தான், கேடயவால் பாம்புக்குப் பெயர் கிடைத்த அதே வருடம்.

திரும்பியது குப்பனூர் வழியாக. பேருந்து நிறுத்தம் வரை பெரியவர் வந்தார். கையில் கொடுத்த பணத்தில் பாதியைப் பையன் சட்டைப் பையில் திணித்துவிட்டார். காபிக்காய் இப்போது பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது, கார்த்திகையில் பழம் எடுப்பு ஆரம்பித்துவிடும், அப்போது தோட்டமெல்லாம் ஆள் நடமாட்டமாக இருக்கும், வராதீங்க என்றார்.

"பங்குனியில பூ மழை ஒண்ணு பெய்யும் கண்ணு. பெஞ்ச ஒன்பதாம் நாளு தோட்டமே வெள்ளையாப் பூத்துக் கெடக்கும். மல்லிப்பூ வாசம் அடிக்கும். ரெண்டே நாளுதான், அப்புறம் கொட்டிரும். மழை பெஞ்ச அன்னிக்கே போன் பண்றேன், கெளம்பி வந்துருங்க."

பையன் அவர் நம்பரைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டான். அவன் போனிலும் என் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தாலும் எழுதிக்கொண்டான்.